ஹைப்ரிட் லாங்போ: 62 அங்குலம் 50 பவுண்டா, 66 அங்குலம் 42 பவுண்டா?

கடைசிஇறகு

ரிகர்விலிருந்து (நுனி வெளிப்பக்கம் வளைந்த வில்) ஹைப்ரிட் லாங்போவுக்கு (நீள வில்) மாறலாம் என்று இருக்கிறேன். இப்போது கையில் இருப்பது உலோக ரைசர் (கைப்பிடி உள்ள நடுப்பகுதி) போட்ட, கழற்றி மாட்டும் டேக்டவுன், இழுப்பு எடை 40 பவுண்டு. எய்வது பெரும்பாலும் 3டி தடங்களில் (மிருக உருவ நுரை பொம்மைகளை எய்யும் தடம்), 30 கஜத்துக்குள். குறிபார்க்கும் சைட் கிடையாது, அதிர்வடக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. அம்புக்குக் கீழே மூன்று விரலையும் வைத்துத்தான் இழுப்பேன்.

இரண்டு வில் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 62 அங்குலம், 50 பவுண்டு, கார்பன் லிம்ப் (வில்லின் வளையும் பகுதி), வளைவு கொஞ்சம் ஆவேசமானது. இன்னொன்று 66 அங்குலம், 42 பவுண்டு, மூங்கில் உள்பட்டை, மேலே தெளிந்த ஃபைபர்கிளாஸ். என் இழுப்பு நீளம் 29 அங்குலம். முதலாவது வேகம் என்கிறார்கள், இரண்டாவது மென்மை என்கிறார்கள். எதை எடுப்பது?

மின்னல்நாண்

62. யோசிக்கவே வேண்டாம். ஹைப்ரிட் வாங்குவதே வேகத்துக்காகத்தானே? மென்மைதான் வேண்டும் என்றால் பழைய நேர்லிம்ப் வில்லே போதும். 45 பவுண்டு ஹைப்ரிட்டில், இழுப்பு எடையில் பவுண்டுக்கு 9 கிரெய்ன் (அம்பு எடைக்கான சிறு அலகு) கணக்கில் அம்பு போட்டால், விநாடிக்கு 180, 185 அடி கிடைக்கும். அதே எடையில் நேர்லிம்ப் 170 தாண்டினால் பெரிய விஷயம். 50 பவுண்டு கார்பன் என்றால் இன்னும் தட்டையாகப் போகும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் அம்பு உடம்பில்தான் விழும்.

நேர்வில்

பழைய நேர்லிம்ப் “போதும்” என்ற அந்தத் தொனியைக் கவனித்தேன். ஹோவர்டு ஹில் எய்தது அந்த மாதிரி வில்லில்தான். 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தில் அம்பு விட்டதும் அவர்தான். சரி, சண்டைக்கு வரவில்லை. கேட்டவர் ஹைப்ரிட் கேட்கிறார், ஹைப்ரிட்டே பேசுவோம். ஆனால் 40இலிருந்து நேராக 50க்குத் தாவுவதை யாரும் கேள்வி கேட்கவில்லையே?

மரவேலைக்காரர்

பட்டைகளை ஒட்டி லாமினேட் வில் செய்கிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹைப்ரிட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ் லாங்போவை. ரைசரை விட்டு வெளியே வரும் இடத்தில் லிம்ப் எய்பவர் பக்கம் சாய்ந்திருக்கும், அது டிஃப்ளெக்ஸ். நுனிப்பக்கம் இலக்கை நோக்கித் திரும்பியிருக்கும், அது ரிஃப்ளெக்ஸ். நாண் ஏற்றியதும் இந்த இரண்டும் கலந்து, பார்வைக்கு ஒரே வளைவாகத் தெரியும். நுனியில் நாண் மாட்டும் வெட்டான ‘நாக்’ தவிர லிம்பில் வேறெங்கும் நாண் படாது. ரிகர்விலிருந்து அது வேறுபடும் இடம் இதுதான்.

நுனியில் உள்ள ரிஃப்ளெக்ஸ் என்ன செய்கிறது? இழுப்பின் தொடக்கத்திலேயே எடையைத் தூக்கிவிடுகிறது. வில்லில் சேரும் ஆற்றல் என்பது இழுப்பு எடைக்கும் தூரத்துக்கும் வரைந்த கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. கடைசி எடை அதே 45 ஆக இருந்தாலும், முன்பாதியில் கோடு மேலே ஏறினால் பரப்பு கூடும். அம்புக்குப் போகும் ஆற்றலும் கூடும். டிஃப்ளெக்ஸ் செய்வது எதிர்வேலை: லிம்பின் பதற்றத்தைக் குறைக்கிறது, கை அதிர்வைக் குறைக்கிறது, சின்னக் கைப்பிழையை மன்னிக்கிறது. ஒரு வில் “ஆவேசமானது” என்றால் ரிஃப்ளெக்ஸ் தூக்கலாக, டிஃப்ளெக்ஸ் அளவாக இருக்கிறது என்று அர்த்தம். வேகம் வரும், மன்னிப்பு குறையும்.

அடுத்து நீளம். 62, 66 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ரைசர் எவ்வளவு? 62 அங்குல வில்லில் ரைசர் 14 என்றால் மீதி 48, பக்கத்துக்கு 24 அங்குலம் வளைகிறது. 64 அங்குல வில்லில் ரைசர் 19 என்றால் பக்கத்துக்கு 22.5தான். அப்போது எது குட்டை வில்? வளைகிற லிம்ப் குறையக் குறைய, முழு இழுப்பில் நாணும் நுனியும் சந்திக்கும் கோணம் சீக்கிரம் 90ஐ நெருங்கும். அதைத் தாண்டியதும் ஸ்டாக் தொடங்கிவிடும். அதுவரை அங்குலத்துக்கு இரண்டரை, மூன்று பவுண்டு ஏறிவந்த வில், கடைசி அங்குலத்தில் நாலோ ஐந்தோ கேட்கும். கதவில் முட்டியது போல இழுப்பு நின்றுவிடும்.

அதனால் கடைசிஇறகு, எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இரண்டு வில்லின் ரைசர் நீளம் என்ன? அப்புறம், அந்த 29 எப்படி அளந்தது?

கடைசிஇறகு

நன்றி. ரைசர் நீளம் கேட்டுச் சொல்கிறேன். 29 என்பது கையை விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து 2.5ஆல் வகுத்தது.

மரவேலைக்காரர்

அது ஆரம்பகட்ட மதிப்பீட்டுக்குச் சரி. வில் வாங்க அது போதாது. லேசான வில் ஒன்றில் நீளமான அம்பை வைத்து, வழக்கமான ஆங்கர் (முகத்தில் கை வந்து நிற்கும் இடம்) வரை இழுங்கள். கைப்பிடியான கிரிப்பின் ஆழமான குழிக்கு நேர் மேலே அம்பில் ஒருவரைக் குறியிடச் சொல்லுங்கள். அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் ‘நாக்’ பள்ளத்திலிருந்து அந்தக் குறி வரை அளந்து 1.75 அங்குலம் கூட்டுங்கள். வில்லில் “28இல் 45” (28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு) என்று எழுதியிருப்பது இந்த அளவின்படிதான். களைத்த பிறகும் ஒரு தடவை அளங்கள், அதுதான் நிஜம்.

மின்னல்நாண்

எல்லாம் சரி, ஆனால் வேகத்தின் பயனை யாரும் மறுக்கவில்லையே. தட்டையாகப் போகிற அம்பு தூரப்பிழையை மறைக்கும். 3டி தடத்தில் தூரம் எழுதி வைக்க மாட்டார்கள்.

பேர்ஷாஃப்ட்

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காற்றுத்தடையை விட்டுவிடுகிறேன், ஒப்பிடுவதற்கு இது போதும்.

விநாடிக்கு 185 அடியில் போகிற அம்பு 30 கஜத்தில் சுமார் 116 சென்டிமீட்டர் இறங்கும். 170 அடி அம்பு சுமார் 137. வித்தியாசம் 21 சென்டிமீட்டர். பெரிதாகத் தெரிகிறது. ஆனால் இது இரண்டு வில்லுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒரே வில்லில் பழகியவரின் குறி அந்த இறக்கத்தை ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கும்.

நீங்கள் சொல்வது தூரப்பிழை. 33 கஜத்தில் இருப்பதை 30 என்று நினைத்து எய்தால்? 185 அடி வில்லில் அம்பு சுமார் 13 சென்டிமீட்டர் கீழே விழும், 170 அடி வில்லில் 15. ஆக மூன்று கஜம் தப்பாகக் கணித்தாலும், 15 அடி கூடுதல் வேகம் காப்பாற்றுவது இரண்டு சென்டிமீட்டர்.

இப்போது மறுபக்கம். இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தால் வேகம் சுமார் 10 அடி குறையும் என்பது பொதுவான கைக்கணக்கு. 50 பவுண்டைச் சமாளிக்க முடியாமல், தடத்தின் பின்பாதியில் அரை அங்குலம் முன்னதாகவே விரல் விட்டுவிட்டால் 5 அடி போச்சு. 185 அங்கே 180 ஆகும். 30 கஜத்தில் அது ஆறரை சென்டிமீட்டர் இறக்கம். வேகம் கொடுத்த இரண்டைப் போல மூன்று மடங்கை அரை அங்குலச் சோம்பல் தின்றுவிடுகிறது.

நேர்வில்

இதைத்தான் நான் ஒரு வரியில் கேட்டேன், நீங்கள் கணக்கோடு சொல்லிவிட்டீர்கள்.

மின்னல்நாண்

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 50ஐ ஒழுங்காக இழுக்கத் தெரிந்தவருக்கு இது பொருந்தாது. நான் இழுக்கிறேன், சுருங்குவதில்லை. அப்புறம் கனமான அம்பை நல்ல வேகத்தில் அனுப்ப வேண்டும் என்றால் பவுண்டு இல்லாமல் ஆகாது.

பேர்ஷாஃப்ட்

நிச்சயமாக. உங்களுக்கு 50 பொருந்தும். கேள்வி கேட்டவர் 40இல் இருக்கிறார், எய்வது நுரை பொம்மைகளை. பத்து பவுண்டு ஏற்றம் ஒரே வில்லில் வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. சோதனை சுலபம்: முழு இழுப்பில் நிதானமாக ஐந்து எண்ணுங்கள். தாடை தூக்கினாலோ, தோள் காதருகே ஏறினாலோ, அந்த எடை இன்னும் உங்களுடையது இல்லை.

ரூல்புக்

போட்டிக்குப் போவீர்களா, கடைசிஇறகு? போவதாக இருந்தால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் ஃபீல்டு, 3டி போட்டிகளில் லாங்போ பிரிவுக்கு, நாண் மாட்டும் ‘நாக்’ தவிர வில்லில் வேறெங்கும் நாண் தொடக் கூடாது. நாண் ஏற்றிய லிம்ப் ஒரே திசையில் தொடர்ந்து வளைய வேண்டும். அம்பு மரத்தில்தான் இருக்க வேண்டும். நுனி ரொம்பத் திரும்பிய ஹைப்ரிட், நாண் ஏற்றிய பிறகும் லேசாக எதிர்ப்பக்கம் நெளிந்து நிற்கும். கருவிச் சோதனை மேசையிலேயே அது நின்றுவிடலாம். குறைந்தபட்ச நீளமும் உண்டு. 62 அங்குலம் என்பது 157 சென்டிமீட்டர்தான், எனவே வாங்கும் முன் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள். மற்ற அமைப்புகளுக்கு வேறு வேறு விதி. எங்கே எய்யப் போகிறீர்களோ அந்தப் புத்தகத்தைப் பாருங்கள்.

கடைசிஇறகு

போட்டிக்குப் போகும் எண்ணம் உண்டு. மர அம்பு என்பது தலைக்கு மேல் இன்னொரு வேலை போலிருக்கிறதே!

அளந்தேன். 25.75, கூட்டினால் 27.5. களைத்த பிறகு 27.25. ரைசர்: 62இல் 17 அங்குலம், 66இல் 18.

மரவேலைக்காரர்

பாருங்கள், 29 எங்கே, 27.5 எங்கே. இனி பேச்சே வேறு.

62இல் வளைவது பக்கத்துக்கு 22.5. 27.5 இழுப்பில் அது ஸ்டாக் ஆகாமல் இருக்கலாம், ஆனால் ஓரத்தில் நிற்கும். 66இல் பக்கத்துக்கு 24. மென்மைக்குக் குறைவில்லை, ஆனால் உங்கள் இழுப்புக்கு அவ்வளவு நீள வில் தேவையில்லை. நீளத்தின் எடையைச் சும்மா சுமக்கும். 64 அங்குலத்தில் 16, 17 ரைசரோடு ஒன்று கிடைத்தால் அதுதான் உங்கள் அளவு. எடை 42. 27.5இல் கைக்கு வருவது 41 போல இருக்கும்.

கார்பனைப் பற்றி. நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். லிம்ப் லேசாகும், சாய்ந்த நெசவில் போட்டால் முறுக்கமும் அடங்கும். ஆனால் லிம்பின் பளுவை ஏற்பது முதுகிலும் வயிற்றிலும் இருக்கும் வெளிப்பட்டைகள். உள்ளே இருப்பது மூங்கிலா, மேப்பிள் மரமா, யூ மரமா என்பது வேகத்தில் சில அடிகளுக்கு மேல் ஆட்டம் காட்டாது. நுனி எவ்வளவு ஒடுக்கம், எவ்வளவு லேசு, லிம்ப் எங்கிருந்து எங்கே மெலிகிறது, இவைதான் பெரிய காரியம். விடும்போது லிம்பும் அம்போடு சேர்ந்து முன்னே ஓடியாக வேண்டும். அதிலும் அதிகத் தூரம், அதிக வேகத்தில் ஓடுவது நுனி. அங்கே ஒரு கிராம் கூடினால் வேகமும் குறையும், கையிலும் அதிரும். விளம்பரத்தில் “கார்பன்” என்று பார்த்ததும் மயங்காமல் நுனியை விரலால் தடவிப் பாருங்கள்.

நேர்வில்

கிரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால் பாதி முடிவு அங்கேதான். உலோக ரைசர் கனமானது, கையின் சின்னத் திருகலை விழுங்கிவிடும். ஒற்றைத்துண்டு லாங்போ முக்கால் கிலோகூட வராது. உள்ளங்கை லேசாகத் திரும்பினாலும் அம்பு பக்கவாட்டில் காட்டிக்கொடுக்கும். ரிகர்விலிருந்து வருகிறவருக்கு, பெருவிரல் இடுக்கில் கை தானாக உட்காரும்படி குழி வெட்டிய கிரிப் நல்லது. நேரான கிரிப்புக்குத் தனிப் பழக்கம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வில்லைப் பிடித்து உயர்த்துங்கள். கண்ணைத் திறந்த பிறகு கையைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அது உங்கள் கிரிப் இல்லை.

கடைசிஇறகு

இது நல்ல யோசனை. நாண் விஷயம்? அந்த 62க்கு டேக்ரான் நாண்தான் கூட வருகிறதாம்.

மரவேலைக்காரர்

வேகத்துக்கென்று செய்த ஹைப்ரிட்டுக்கு டேக்ரான் நாணா? டேக்ரான் நீளும், ஆற்றலில் கொஞ்சத்தை அதுவே வைத்துக்கொள்ளும். நுனியில் வலுவூட்ட ஒட்டிய ஓவர்லே (மேல்பட்டை) இருந்தால் ஃபாஸ்ட்ஃப்ளைட், டி97 போன்ற நீளாத இழை போடலாம். ஓவர்லே இல்லாத பழைய வில்லில் மட்டும் வேண்டாம், நாண் மாட்டும் ‘நாக்’ வெட்டை அறுத்துவிடும். செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். டேக்ரான் கூட வருகிறது என்றால், அந்த வில்லின் நுனி என்ன நிலைமை என்று முதலில் எனக்குச் சந்தேகம் வருகிறது.

பேர்ஷாஃப்ட்

அம்புக்கு வருகிறேன், ஏனென்றால் புது வில் மேல் வரும் புகாரில் பாதி உண்மையில் அம்பின் மேல் வர வேண்டியது.

இப்போது எந்த ஸ்பைன் (அம்புத் தண்டின் விறைப்பு அளவு) போடுகிறீர்கள்? 600 கார்பன், அதாவது 0.600 அங்குலம் வளைவது, என்று வைத்துக்கொள்வோம். கார்பன் ஸ்பைனை 28 அங்குல இடைவெளியில் 1.94 பவுண்டு தொங்கவிட்டு அளப்பார்கள். மரத்தை 26 அங்குல இடைவெளியில் 2 பவுண்டு. அதனால் எண்ணை நேரடியாக ஒப்பிட முடியாது. கார்பன் வளைவை 0.825ஆல் பெருக்கி, 26ஐ அதனால் வகுங்கள். 600க்கு 0.495, வகுத்தால் 52 சொச்சம். அதாவது உங்கள் 600 கார்பன் மர அம்புக் கணக்கில் 50–55 பவுண்டு ரகம். 500 என்றால் 63 ஆகிவிடும், 42 பவுண்டு லாங்போவுக்கு அது இரும்புக்கம்பி.

உலோக ரைசரில் அம்பு தங்கும் ஷெல்ஃப் நடுக்கோட்டைத் தாண்டி வெட்டியிருக்கும். பல லாங்போவில் நடுவிலோ அதற்குச் சற்று முன்போ நிற்கும். அம்பு வில்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், அதே எடைக்கு இன்னும் வளைந்துகொடுக்கும் அம்பு வேண்டும். இறகில்லாத அம்பைப் பத்துப் பதினைந்து கஜத்தில் எய்து பாருங்கள். வலது கைக்காரருக்கு அது இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் தளர்வு. தண்டை நீளமாகவே வாங்கி, கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டிச் சரிசெய்யலாம். வெட்டியதை ஒட்ட முடியாது, அவசரப்படாதீர்கள்.

எடை பவுண்டுக்கு 9இலிருந்து 10 கிரெய்ன். 42க்கு 378இலிருந்து 420. மர அம்பு பெரும்பாலும் இயல்பாகவே இந்தப் பக்கமோ இதற்கு மேலோ வந்துவிடும். 8க்குக் கீழே போனால் கையும் அதிரும், லிம்புக்கும் நல்லதில்லை.

மின்னல்நாண்

என் வில் வேகம் காட்டியதே 8 கிரெய்னில்தான் என்பதை நான் இங்கே சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் 😄

கடைசிஇறகு

64 அங்குலத்தில் பழைய கைமாற்று வில் ஒன்று வந்திருக்கிறது, 43 பவுண்டு, ரைசர் 16. நேரில் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மரவேலைக்காரர்

ஒரு பிடி பஞ்சு கொண்டுபோங்கள். லிம்பின் ஓரங்கள் முழுக்க லேசாகத் தடவுங்கள். கிளாஸ் எங்காவது பிரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பஞ்சு அங்கே சிக்கும். பிறகு ஸ்டிரிங்கர் வைத்து நாண் ஏற்றச் சொல்லுங்கள். காலுக்கு இடையில் விட்டு ஏற்றுகிறவர் என்றால் லிம்ப் முறுக்கியிருக்க வாய்ப்புண்டு. ஏற்றியதும் வில்லின் கீழ்நுனியைத் தரையில் ஊன்றி, நாண் பக்கமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு லிம்பையும் சரிபாதியாகப் பிளந்தபடி கிரிப்பின் நடுவே இறங்க வேண்டும். கிளாஸில் நீளவாக்கில் தெரியும் மெல்லிய கோடு பல நேரம் மேல்பூச்சு மட்டும்தான். குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வெறும் நாணை இழுத்து விட்டுக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னாலும் அப்படியே.

கடைசிஇறகு

பார்த்துவிட்டு வந்தேன். பஞ்சு எங்கும் சிக்கவில்லை, கிளாஸ் சுத்தம். ஆனால் கீழ் லிம்பில் நாண் நடுவை விட்டு வெளிப்பக்கம் போகிறது. நுனியருகே ஒரு பக்கம் லிம்பின் கால்வாசிதான் தெரிகிறது. எதிர்ப்பக்கம் மெல்லத் திருகிப் பிடித்தால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர்.

மரவேலைக்காரர்

சில நேரம் சரியாகும், பல நேரம் திரும்பி வரும். லேசான விலகல் என்றால் நானே முயன்று பாருங்கள் என்று சொல்வேன். கால்வாசி என்றால் விடுங்கள்.

கடைசிஇறகு

விட்டுவிட்டேன். புதிதாகவே செய்துதரச் சொல்லிவிட்டேன்: 64 அங்குலம், 28இல் 42, குழி வெட்டிய கிரிப், நுனியில் ஓவர்லே. செய்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அம்பை விரலுக்கு இடையில் பிடிப்பீர்களா, மூன்று விரலும் கீழேயா என்று. மூன்றும் கீழே என்றேன். அதற்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம்?

மரவேலைக்காரர்

கேட்டாரே, நல்ல ஆள். டில்லருக்காக (இரண்டு லிம்பின் சமநிலை) கேட்கிறார். விரலுக்கு இடையில் பிடிப்பவருக்கு, மேல் லிம்ப்-நாண் இடைவெளி கீழே உள்ளதைவிட எட்டில் ஒரு அங்குலம் போலக் கூடுதலாக வைப்போம். மூன்று விரலும் கீழே போனால் இழுக்கும் இடம் தாழும், அதனால் இரண்டையும் கிட்டத்தட்டச் சமமாக வைக்க வேண்டும். இல்லையென்றால் விடும்போது லிம்ப் இரண்டும் ஒன்றாக வந்து சேராது, சத்தம் போடும்.

வில் வந்ததும் நாணைக் கொஞ்சம் முறுக்கி பிரேஸ் ஹைட்டை (கிரிப்புக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) 7 அங்குலத்தில் வைத்துத் தொடங்குங்கள். செய்தவர் வேறு அளவு சொன்னால் அதையே வையுங்கள். நாக்கிங் பாயின்ட் (நாணில் அம்பு மாட்டும் இடம்) ஷெல்ஃபிலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்று மேலே. பிறகு முறுக்கைக் கூட்டியும் குறைத்தும் சத்தம் எங்கே அடங்குகிறது என்று கேளுங்கள்.

பேர்ஷாஃப்ட்

மர அம்புக்கு 40–45, 45–50 இரண்டு ரகத்திலும் சோதனைத் தண்டு வாங்கி வையுங்கள். முனை 125 கிரெய்ன். இறகு ஒட்டாமல் எய்து பார்த்த படத்தை இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.